மறுமொழி: புரொஜெக்டர் விளக்கின் ‘ஆயுள்’ – ஒளிகுன்று காலம் என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘லேம்ப் லைஃப்’ என்பதற்கு ‘விளக்கு ஆயுள்’ என்று நேராக வைத்துவிடலாமே. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ஆயுள் முடிந்தது என்றால் ஆளே போய்விட்டார் என்றுதான் தமிழில் பொருள். பெட்டியில் 4000 மணி என்று போட்டிருந்தால், அதுவரை புதிதுபோல் எரிந்துவிட்டு ஒருநாள் பட்டென்று அணையும் என்றே வாங்குபவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் புரொஜெக்டரில் மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போனது, விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. ‘இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிட்டேன். கடைசியில் புது விளக்கைப் போட்ட அன்று திரையைப் பார்த்து அசந்துபோனேன். இருட்டுக் காட்சிகளில் அத்தனை நாள் எனக்குத் தெரியாமலே போன முகங்கள் தெரிந்தன. வெளிச்சம் சிறுகச் சிறுகக் குறைந்ததால் கண் அதற்குப் பழகிவிட்டிருந்தது.

அந்த மணிக்கணக்கு பொதுவாகச் சொல்வது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகும் நேரத்தை. அணையும் நேரத்தை அன்று.

ஏன் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்துதான் வரவேண்டும். 1995-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த யு.எச்.பி. என்ற மிகையழுத்தப் பாதரச விளக்குதான் வீட்டுப் புரொஜெக்டர்களில் வெகுகாலம் ஆண்டது. சிறிய குவார்ட்ஸ் குமிழ், உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்குக்கு மேல் அழுத்தம், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள். அவற்றிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனைத் திரும்ப மின்முனைக்கே கொண்டுசேர்க்கத் துளி புரோமின் வைத்திருப்பார்கள். அதையும் மீறிக் கொஞ்சம் சுவரில் படிந்து கறுக்கும். குவார்ட்ஸும் வெப்பத்தில் மெல்ல வெளுத்து மங்கும். மின்முனை தேயத் தேய இடைவெளி கூடி, ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சிதறும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மின்முனைக்கு அடி விழுகிறது. அதனால் அடிக்கடி போட்டு அணைப்பவர் வீட்டு விளக்கு சீக்கிரம் மங்கும்.

> அப்படியானால் ‘அரை ஆயுட்காலம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

அது கதிரியக்கத்துக்கு உரியது அம்மா, அங்கேயே இருக்கட்டும். கதிரியக்கத்தில் ஒரு காலம் போனால் பாதி, இன்னொரு காலம் போனால் கால். விளக்கு அப்படி நடப்பதில்லை. முதல் சில நூறு மணிகளில் விறுவிறுவென இறங்கிவிட்டு, அப்புறம் மெதுவாகத் தேயும்.

‘அரையொளிக் காலம்’ என்று ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். ஆனால் எல்.இ.டி. விளக்குகளுக்கு வரும்போது இடிக்கிறது. அங்கே பெரும்பாலும் வெளிச்சம் 70 விழுக்காட்டுக்கு இறங்கும் நேரத்தைத்தான் கணக்கு வைக்கிறார்கள். அதற்கு வேறொரு சொல் தேட வேண்டிவரும்.

ஆகவே என் பரிந்துரை: ஒளிகுன்று காலம். ‘நெல் விளை நிலம்’ போல வினைத்தொகை. குன்றிய, குன்றுகிற, குன்றும் என மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. விளக்குக்கு நேர்வதும் அதுதான். வெளிச்சம் எந்த அளவுக்கு இறங்கும்வரை என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பாதி ஒளிகுன்று காலம், 70% ஒளிகுன்று காலம். ‘குன்று என்றால் மலையல்லவா’ என்று கேட்கலாம். ஒளி முன்னால் நிற்கும்போது யாரும் மலையேற மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சொல் சரியாக இல்லாவிட்டால் காசும் போகும். பாதி விலைக்குக் கிடைக்கும் விளக்கு மூன்றில் ஒரு பங்கு நேரமே தாங்கினால், மணிக்கு ஆகும் செலவு ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்குப் போட இரண்டு பெட்டியிலும் ஒரே அளவுகோல் வேண்டும். பல பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது சிக்கன முறையில் கிடைக்கும் மணிக்கணக்கு. முழு வெளிச்சத்தில் ஓட்டினால் அது கிடைக்காது. ‘ஆயுள்’ என்ற ஒற்றைச் சொல் இதையெல்லாம் மூடிவிடுகிறது.

‘மாற்று விளக்கு’ பற்றியும் ஒரு வரி. மாற்று மருத்துவம், மாற்று வழி என்று பழகியவர்களுக்கு அது ‘வேறு நிறுவனத்து விளக்கு’ என்றே படும். பழையதன் இடத்தில் போடுவதைப் ‘பதிலி விளக்கு’ எனலாம்.

விளக்கு உண்மையிலேயே வெடித்தோ ஏற்றாமலோ போவதற்கு ‘ஆயுள் முடிவு’ என்ற சொல்லை ஒதுக்கி வைத்துக்கொள்வோம். வரும் வாரத்துக்குள் மறுப்போ இதைவிட நல்ல சொல்லோ வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

ஒளிகுன்று காலம்: விளக்கின் வெளிச்சம் தொடக்க அளவில் குறித்த விழுக்காட்டுக்கு இறங்க ஆகும் எரிநேரம்.

‘எரிநேரம்’ என்பதிலும் யாருக்காவது கருத்து இருந்தால் எழுதுங்கள்.