புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் மண்டபப் பழுதுபார்ப்பு

மண்டபக் கூரை வேலையை மொத்த விலைக்குக் (முழு வேலைக்கும் ஒரே தொகை) கொடுப்பதா, அலகு விலைக்குக் (செய்த அளவுக்கேற்ற தொகை) கொடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன்; நிர்வாகக் குழு வேலையை இரண்டாகப் பிரித்துள்ளது.

கூரைத் தகடுகளின் பரப்பை முன்கூட்டியே அளக்க முடியும் என்பதால் அவற்றுக்கு மொத்த விலை. ஆனால், கறையான் அரித்த மரச்சட்டங்கள் எத்தனை என்பது தகட்டைக் கழற்றிய பிறகே தெரியும். அதையும் மொத்த விலைக்குள் அடக்கச் சொன்னால், குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்) தெரியாத செலவுக்கும் சேர்த்தே விலையை உயர்த்துவார், அல்லது பாதி வேலையில் கூடுதல் பணம் கேட்பார். ஆகவே, மரவேலைக்கு அடிக்கணக்கில் விலை பேசி, இருதரப்பும் சேர்ந்து அளந்த பின்னரே பணம் என்றும், மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு என்றும் எழுதியுள்ளோம். இந்த உச்சவரம்பே எனக்கு மிகுந்த நிம்மதி தருகிறது, ஏனெனில் இது பக்தர்களின் பணம்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு 520ஆவது சட்டப்படி குத்தகையாளர் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிந்திருக்க வேண்டும், சான்றிதழைச் சரிபார்த்துவிட்டோம். மின்கம்பிப் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் உகந்ததா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.