லிஸனிங்கில் இரண்டு முறை 350 தொடவில்லை: மறுபடி கிராமரிலிருந்து ஆரம்பிக்கணுமா?

நைட்டூட்டி_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பிஎஸ்சி நர்ஸிங். இங்கிலாந்து போவதற்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறேன். அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி கேட்பது லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300. எனக்கு ஸ்பீக்கிங்கும் ரைட்டிங்கும் பிரச்சினை இல்லை. ரீடிங் முதல் தடவை 350, இரண்டாம் தடவை 340. லிஸனிங்தான் 310, அப்புறம் 330. ஒரு தடவை எழுத ஒரு மாதச் சம்பளம் போதவில்லை. இரண்டாம் தடவைக்கு வீட்டில் சொல்லாமல் ஒரு வளையலை அடகு வைத்தேன்.

கோச்சிங் சென்டரில் இதுவரை அறுபது மாதிரித் தேர்வாவது போட்டிருப்போம். ஆன்ஸர் கீயைப் படிப்பார்கள், நாங்கள் டிக் போட்டு மார்க் எண்ணுவோம், அடுத்த தேர்வு. என் மார்க் மூன்று மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. சார் சொல்வது, "உனக்கு பேஸிக் கிராமர் வீக், முதலிலிருந்து படி." நவுன், ப்ரோநவுன் என்று மறுபடி பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுக்கணுமா?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். லிஸனிங் பார்ட் ஏ (நோயாளி பேசுவதைக் கேட்டு, குறிப்பில் கோடிட்ட இடத்தை நிரப்புவது) ஆடியோவில் நோயாளி "ஐ யூஸ்டு டு ஸ்மோக்" என்றார். நான் "ஸ்மோக்ஸ்" என்று எழுதினேன். அதை யோசித்துக்கொண்டே இருந்ததில் அடுத்த மூன்று கோடிட்ட இடமும் போச்சு.

லெஸ்டர்_அக்கா

தங்கச்சி, நான் மூன்றாவது தடவையில்தான் தாண்டினேன், அதனால் கேள். இன்னொரு மாதிரித் தேர்வு போடாதே. அறுபது போட்டும் மார்க் நகரவில்லை என்றால் அது பயிற்சியே இல்லை, தினமும் வெயிட் மெஷினில் ஏறி இறங்குவது போலத்தான்.

நான் செய்தது இது. ஒரே ஒரு பார்ட் ஏ ஆடியோ, ஐந்து நிமிடம் வரும். ஓஇடி தளத்திலேயே இலவச மாதிரி இருக்கிறது, எழுத்து வடிவத்தோடு. முதல் நாள் தேர்வு போலவே ஒரே தடவை கேட்டேன். அடுத்த மூன்று நாள் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே நோட்டில் எழுதினேன். அப்புறம் எழுத்து வடிவத்தை எடுத்து ஒப்பிட்டேன். நோட்டில் இரண்டு பத்தி: இடது பக்கம் "எனக்குக் கேட்டது", வலது பக்கம் "அவர்கள் சொன்னது". வெட்கமாகத்தான் இருக்கும். "தி டேப்லெட் ஹேட் வோர்ன் ஆஃப்" என்று ஒருவர் சொன்னதை நான் "வார்ன் ஆஃப்" என்று எழுதி, மாத்திரை யாரை எச்சரித்தது என்று அரை மணி நேரம் யோசித்தேன். மருந்தின் வேகம் அடங்கிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. நான் விட்டவை பெரிய மருத்துவச் சொற்கள் இல்லை. அவை எல்லாம் நமக்கு அத்துப்படி. விட்டது நோயாளி பேசும் வீட்டு இங்கிலீஷ். "பாஸ்டு அவுட்" என்றால் மயங்கி விழுந்தார். "ஃப்ளேர் அப்" என்றால் அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பியது. "கேம் அவுட் இன் அ ராஷ்" என்றால் உடம்பில் தடிப்பு வந்தது. இதில் முக்கியமானது "சிக்". நம் ஊரில் உடம்பு சரியில்லை என்பதற்கு அதைச் சொல்வோம். இங்கே இங்கிலாந்தில் "ஐ ஃபீல் சிக்" என்றால் குமட்டுகிறது, "ஐ வாஸ் சிக் ட்வைஸ்" என்றால் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு பாட்டி "ஐம் கோயிங் டு பி சிக்" என்றார். நான் ஆறுதலாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஷூ அன்றைக்குப் போச்சு.

இன்னொன்று. ஒரு இடம் விட்டுப்போனால் விட்டுவிடு. தாளில் தலைப்புகள் இருக்குமே, டாக்டர் அடுத்த தலைப்புக்குத் தாவும்போது நீயும் தாவு. போனது ஒரு மார்க். அதைத் தேடிப் போனால் நாலு போகும்.

ரீடிங்கில் 350 ஏற்கனவே இருக்கிறது என்கிறாய். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்ட ஒரு வழி உண்டு. நிபந்தனைகளை என்எம்சி தளத்திலேயே படித்துக்கொள், ஏஜென்ட் வாயால் கேட்காதே.

பழைய_சாக்பீஸ்

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். அந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் என் பங்கும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன், அது வேண்டாம்மா. உங்கள் சார் சொன்னதில் பாதி உண்மை. கிராமர் வேண்டும், ஆனால் காதில் வேண்டும். "யூஸ்டு டு" என்றால் முன்பு செய்தார், இப்போது இல்லை என்று கேள்வித்தாளில் கேட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பேச்சில் அது "யூஸ்டு" என்று தனியாக நிற்பதில்லை, "யூஸ்தஸ்மோக்" என்று ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகும். "ஹி இஸ் டேக்கிங்", "ஹி'ஸ் பீன் டேக்கிங்" இரண்டுக்கும் நடுவில் அந்த "பீன்" கண் சிமிட்டும் நேரம்தான். மருந்தை எப்போதிருந்து சாப்பிடுகிறார் என்பது அதற்குள் இருக்கிறது. "கேன்" சாதாரணமாக "கன்" என்று தேய்ந்துவிடும், "கான்ட்" மட்டும் நீளமாக, அழுத்தமாக வரும். பிரிட்டிஷ்காரர் பேச்சில் "ட்" கேட்கிறதா என்று காத்திருக்க வேண்டாம், நீளத்தைக் கேளுங்கள்.

நம் எழுத்தில் ப ஒன்றுதான், க ஒன்றுதான். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், நாம் கவனிப்பதில்லை. அதனால் "பேக்", "பேக்" என்று முதுகையும் பையையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு ஒரே மாதிரி கேட்கவும் செய்கிறோம் (பாருங்கள், இங்கேயே எழுதிக் காட்ட முடியவில்லை!). கடைசி எழுத்தை நம்பாதீர்கள், அதற்கு முந்தைய உயிரொலியைக் கேளுங்கள். பையில் அது கொஞ்சம் இழுபடும், முதுகில் வெடுக்கென்று நிற்கும். 15ம் 50ம் அப்படித்தான். 50க்கு அழுத்தம் முன்னால், 15க்குப் பெரும்பாலும் பின்னால். மில்லிகிராமில் இது எத்தனை பெரிய வித்தியாசம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரீடிங் பார்ட் ஏயில் ஒரு எச்சரிக்கை. லிஸனிங்கில் ஸ்பெல்லிங் கொஞ்சம் பிசகினாலும் சொல் புரிந்தால் விட்டுவிடுவார்கள், அங்கே விடமாட்டார்கள். பத்தியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து எழுத வேண்டும். கடைசி எஸ் உட்பட.

திருச்சி_பாய்

அக்கா சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. தேர்வே போடாமல் வேகம் எப்படி வரும்? ரீடிங் பார்ட் ஏ 15 நிமிடத்தில் 20 கேள்வி, நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுவார்கள். நான் கடிகாரம் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். நாலு பத்தியையும் முதலில் படிக்கவே கூடாது. எது அட்டவணை, எது டோஸ், எது அறிகுறி என்று தலையை மட்டும் பார்த்துவிட்டு கேள்விக்குப் போகணும். பார்ட் சியில் நேர்மாறு, அங்கே அவசரப்பட்டால் காலி. "மே", "சஜஸ்ட்ஸ்" என்று எழுதியவர் பட்டும்படாமல் சொன்னதை, உறுதியாகச் சொன்னதாக மாற்றி ஒரு ஆப்ஷன் வைத்திருப்பார்கள். நான் அதில்தான் விழுவேன்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு (பொதுவான ஆங்கிலத் தேர்வு) மாறலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள் சிஸ்டர். நான் மாறினேன். லிஸனிங்கில் 40 கேள்வி, மேப், லைப்ரரி, யூனிவர்சிட்டி என்று போகும், ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் இல்லை. ரைட்டிங்கில் 6.5 வேண்டும், எனக்கு மூன்று தடவை 6. திரும்ப ஓஇடிக்கே வந்தேன்.

லெஸ்டர்_அக்கா

தம்பி, ரீடிங்குக்கு நீ சொல்வது சரிதான். நான் லிஸனிங்குக்குச் சொன்னேன்.

நைட்டூட்டி_மதுரை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தொடர்ந்து நைட். கோச்சிங்கை நிறுத்திவிட்டேன். ஆடியோ ஏழு முடித்திருக்கிறேன். டூட்டி முடிந்து ஆரப்பாளையம் பஸ்ஸில் வரும்போது கேட்பேன், வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து எழுதுவேன். பஸ்ஸில் ஹாரன் சத்தத்தில் கேட்டுப் பழகினால் ஹெட்ஃபோனில் சொர்க்கமாக இருக்கிறது.

நோட்டில் இடது பத்தியை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 143 தப்பு. அதில் மருத்துவச் சொல் 9தான். 51 தப்பு சொல்லின் கடைசி ஒலி: இடி, எஸ், என்டி. "கன்", "கான்ட்" தப்பு முதல் ஆடியோவில் நாலு, ஏழாவதில் இல்லை. சாக்பீஸ் ஐயாவுக்கு நன்றி. நேற்று திருச்சி தம்பி சொன்னபடி கடிகாரம் வைத்து ஒரு ரீடிங் பார்ட் ஏ போட்டேன், 20க்கு 17. மூன்றில் இரண்டு, கடைசி எஸ்ஸை விட்டது!

தேர்வு அடுத்த மாதம். அக்கா, ஒரு சந்தேகம். "ஐ ஹேட் அ ஃபால்", "ஐ ஃபெல்" இரண்டும் ஒன்றுதானா?

லெஸ்டர்_அக்கா

ஒன்றுதான். வயதானவர்களைப் பற்றி வார்டில் "ஹேட் அ ஃபால்" என்றுதான் அதிகம் கேட்பாய். "ஹேட்" அரைகுறையாகத்தான் காதில் விழும், "ஃபால்" மட்டும் பிடித்துக்கொள். வளையலை மீட்டாச்சா?