கூலிக்கு வந்தவன் தீப்பந்தத்தோடு ஓடிவிட்டான், தப்பு என் மேலா?

கேட்டவர்:
வணக்கம். டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற பகடைக் கதையாட்டத்தில் நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. ஆடுவது டிஎன்டியின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகள், குழுவில் நான்கு பேர். போன ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய சண்டை இன்னும் வாட்ஸாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஆட்டக் கதையில் எங்கள் குள்ள வீரன் ஊரில் மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்தான். ஒருவன் தீப்பந்தம் பிடிக்க, இரண்டு பேர் ஈட்டிக்காரர்கள், கூடவே ஒரு கோவேறு கழுதை. நிலவறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்க ஒரு ஈட்டிக்காரனை அனுப்பினார்கள், விஷ ஊசி குத்தி அவன் அங்கேயே செத்தான். இவர்கள் அவன் ஈட்டியையும் பூட்ஸையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். மற்ற இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் ஆறு ஓர்க்குகள், அதாவது அரக்கர்கள், வந்தன. கூலியாள் பயப்படாமல் நிற்பானா என்று பார்க்கும் மொரேல் எண்ணுக்குப் பகடை உருட்டினேன், 7 விழுந்தது, தீப்பந்தக்காரனுக்கு மொரேல் 6. பந்தத்தோடும் கழுதையோடும் ஓடிவிட்டான். எங்கள் நான்கு பாத்திரங்களில் குள்ளனுக்கும் எல்ஃப் என்ற மாய இனத்தவனுக்கும் இருட்டில் கண் தெரியும், கிளெரிக்குக்கும் (பூசாரி) திருடனுக்கும் தெரியாது. திருடன் செத்துவிட்டான்.

திருடனை ஆடிய நண்பன், “காசு கொடுத்திருக்கிறோம், அவன் எப்படி ஓடுவான், நீதான் ஓட வைத்தாய்” என்கிறான். நான் செய்தது தப்பா?

பதில் 1:
தம்பி, பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டினீர்களா, திரைக்குப் பின்னாலா? பின்னால் என்றால் விதி உங்கள் பக்கம் இருந்தாலும் அவன் நம்பமாட்டான், நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். இன்னொன்று, ஆளைப் பிடித்தது யார்? குள்ளனின் கரிஸ்மா, அதாவது ஆட்களைக் கவரும் திறன் எண், எவ்வளவு?

கேட்டவர்:
திரைக்குப் பின்னால்தான் அண்ணா. குள்ளனுக்குக் கரிஸ்மா 8, கிளெரிக்குக்கு 15. குள்ளன்தான் முதலில் சத்திரத்துக்குள் நுழைந்தான், அதனால் அவனே பேசிவிட்டான்.

பதில் 1:
அங்கேதான் கோட்டை விட்டீர்கள். கரிஸ்மா 6 முதல் 8 வரை இருப்பவனிடம் வேலை செய்யும் ரிடெய்னருக்கு, அதாவது கூடவே வரும் கூலியாளுக்கு, மொரேல் 6, 13 முதல் 15 வரை என்றால் 8. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி மொரேலைத் தாண்டினால் ஓட்டம். 6-ஐத் தாண்ட 36-க்கு 21 வாய்ப்பு, அதாவது பாதிக்கு மேல் ஓடத்தான் செய்வான். 8-ஐத் தாண்ட 36-க்கு 10 தான். கிளெரிக் பேசியிருந்தால் நீங்கள் உருட்டிய அதே 7-க்கு அவன் நின்றிருப்பான், திருடனும் பிழைத்திருப்பான். இந்தக் கணக்கை உங்கள் நண்பனிடம் காட்டுங்கள், கோபம் உங்களை விட்டுக் குள்ளன் பக்கம் திரும்பும்.

பதில் 2:
அது பாதிதான். ஈட்டிக்காரர்களுக்கு என்ன கூலி பேசினார்கள்?

கேட்டவர்:
மாதம் 2 பொற்காசு. எக்ஸ்பர்ட் புத்தகப் பட்டியலில் அப்படித்தானே இருக்கிறது.

பதில் 2:
அது மெர்செனரி, அதாவது கூலிப்படை வீரனின் கூலி. மெர்செனரிகள் காவலுக்கும் போருக்கும் வருவார்கள், நிலவறைக்குள் இறங்கமாட்டார்கள், அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறது. கூடவே உள்ளே வந்து உயிரைப் பணயம் வைக்கிறவன் ரிடெய்னர், அவனிடம் தனியாகப் பேரம் பேச வேண்டும். முன்பணம், ஆயுதம், புதையலில் அரைப் பங்கு என்பது பெரும்பாலான குழுக்களில் வழக்கம். உங்கள் ஆட்கள் வாட்ச்மேன் சம்பளத்துக்கு வெடிகுண்டு எடுக்கிற வேலை வாங்கியிருக்கிறார்கள். நிலவறை வாசலிலேயே “நாங்கள் வரமாட்டோம்” என்று அந்த இருவரையும் நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும், அந்த ஒன்று மட்டும் உங்கள் தப்பு.

பதில் 3:
நாங்கள் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், அங்கே 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் விசுவாசத்துக்கு ஒரு விருப்ப விதி இருக்கிறது. குழுவில் அதிகக் கரிஸ்மா யாருக்கோ அந்த எண்தான் உச்சம், கூட வருகிறவன் அதில் பாதியில் தொடங்குவான். அவன் மனதுக்குப் பிடித்த காரியத்தில் உதவினால் நான்குமுகப் பகடை அளவு ஏறும், சுயநலத்துக்காக ஆபத்தில் தள்ளினால் அதே பகடையை இரண்டு உருட்டி இறக்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயிரைப் பணயம் வைத்தாவது நிற்பான், பூஜ்யம் ஆனால் விட்டுப் போவான், இல்லை கூடவே இருந்து குழி பறிப்பான். எண்ணை டிஎம் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பிடிக்கக் காரணம், ஒரே ஒரு உருட்டலில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை, அந்தப் பூட்ஸைக் கழற்றிய நிமிடத்திலேயே எண் இறங்கியிருக்கும், முகம் சுளித்தான், முணுமுணுத்தான் என்று நீங்களும் முன்கூட்டியே காட்டியிருக்கலாம்.

பதில் 1:
குழி பறிக்கிற விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நான் ஒருமுறை கூலியாள் ஒருவனைத் துரோகி ஆக்கினேன், செஷன் பிரமாதமாகப் போனது, ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்கள் குழுவில் யாரும் ஒரு ஆளைக்கூட வேலைக்கு வைக்கவில்லை. பயந்து ஓடுகிறவனை மன்னித்துவிடுவார்கள், முதுகில் குத்துகிறவனை மறக்கமாட்டார்கள். அப்புறம், சண்டையில் கூலியாட்களின் பகடையை ஆடுகிறவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மொரேல் மட்டும் உங்களிடம், அதுவும் மேசை நடுவில்.

கேட்டவர்:
நேற்று ஆடினோம். முதலில் என் தப்பை ஒத்துக்கொண்டேன், திரையையும் எடுத்துவிட்டேன். செத்த திருடனுக்கு உயிர் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் அந்த ஓடிப்போன தீப்பந்தக்காரனையே முதல் நிலைத் திருடனாக ஆடுகிறாயா என்று நண்பனைக் கேட்டேன், அவன் சிரித்துவிட்டான், ஒத்துக்கொண்டான். அந்தத் தீப்பந்தக்காரன் சத்திரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கதையை ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறான், அதனால் ஆள் பிடிக்கும் உருட்டலில் 1 குறைத்தேன். கிளெரிக்தான் போய்ப் பேசினார். செத்தவன் வீட்டுக்கு 50 பொற்காசு கொடுத்து, அரைப் பங்குக்கு இரண்டு பேரைப் பிடித்தார்கள். குள்ளனை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

ஒரு சின்ன சந்தேகம். கழுதையும் கூடவே ஓடியது சரியா? அதற்கும் மொரேல் உருட்ட வேண்டுமா?

பதில் 2:
உருட்டியிருக்க வேண்டும். கோவேறு கழுதைக்கு மொரேல் 8. உங்கள் 7-க்கு அது நின்றிருக்கும்.