வாசக்கதவுக்கு உள்பக்கமும் சாவி போட்டா என்ன தப்பு? லாக்ஸ்மித் மாட்டவே மாட்டேங்குறார்

பிளேனோ_பாலா:
மக்களே ஒரு சந்தேகம். டல்லாஸ் பக்கம் பிளேனோல பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம், 1984ல கட்டினது. வாசக்கதவ ஒட்டி நீளமா கண்ணாடி இருக்கு, எவனாவது அத உடைச்சு கைய உள்ள விட்டான்னா டெட்போல்ட் (கதவுல இருந்து ஃப்ரேமுக்குள்ள கட்டை போய் நுழையுற பூட்டு) குமிழ திருகி நிமிஷத்துல உள்ள வந்துடலாம். இது போதாதுன்னு நம்ம வீட்டு வாண்டு, மூணு வயசு, போன வாரம் தானா திருகித் திறந்து தெரு வரைக்கும் போயிட்டான், பக்கத்து வீட்டம்மா தூக்கிட்டு வந்து விட்டாங்க, எனக்கு உசுரே போயிடுச்சு. அதான் ரெண்டு பக்கமும் சாவி போடுற டெட்போல்ட் மாட்டலாம்னு லாக்ஸ்மித்த வரச்சொன்னேன். எல்லா பூட்டையும் ரீகீ பண்ணி, அதாவது பழைய சாவி சேராம புது சாவிக்கு மாத்திக் குடுத்தவர் இத மட்டும் வாசக்கதவுல போட மாட்டேன், கோடு, அதாவது கட்டட விதி, ஒத்துக்காதுன்னுட்டார். என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு கையெழுத்து போட்டுத் தர்றேன்னேன், அப்பவும் முடியாதுன்னுட்டார். அதே பூட்டு கடையில தாராளமா விக்குது! வீடு என்னுது, காசு என்னுது, அவருக்கென்ன வந்துச்சு? நானே மாட்டிக்கவா?

சாவிக்கொத்து:
ஹூஸ்டன்ல எட்டு வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன் பாலா, நானா இருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். இங்க வீடு கட்டுறதுக்கு நகரங்கள் எடுத்துக்குற ஐஆர்சி கோடுல (குடியிருப்பு வீடுகளுக்கான கட்டட விதி) ஒரு பிரிவு, வெளியேறுற கதவு உள்ள இருந்து சாவி இல்லாம, தனியா ஒரு விவரமும் தெரிஞ்சிருக்க வேண்டாம, சிரமப்படாம திறக்கணும்னு கேக்குது. வீட்டுக்கு ஒரு கதவாவது அப்படி இருக்கணும், நிறைய வீட்டுல அது வாசக்கதவுதான். கடையில விக்குறாங்கன்னா தோட்டத்து ஷெட்டுக்கும்தான் பூட்டு வேணுமே. பழைய வீடுகள்ல முன்னாடியே மாட்டினது இன்னும் எவ்வளவோ கெடக்கு, அது வேற, இப்ப என் கையால புதுசா ஒண்ணு மாட்டுறது வேற. டெக்சஸ்ல லாக்ஸ்மித்துக்கு லைசன்ஸ் வேணும், மாநில பொதுப் பாதுகாப்புத் துறை டிபிஎஸ்தான் குடுக்குது, அத நான் பணயம் வெக்க முடியாது. அப்புறம் அந்தக் கையெழுத்து... நீங்க போடுவீங்க சரி, ராத்திரி உங்க வீட்டுல தங்குற விருந்தாளி போட்டாரா? உங்க பையன் போட்டானா?

மலைக்கோட்டை_மைந்தன்:
இந்தக் கதை எங்க வீட்டுலயே நடந்துச்சு. திருச்சியில எங்கப்பா தினமும் ராத்திரி கிரில் கேட்டுக்கு உள்பக்கமா ஒரு திண்டுக்கல் பூட்டு, கையில தூக்கினா அரைக்கிலோ இருக்கும், போட்டு சாவிய தலகாணிக்கு அடியில வெச்சிப்பார். ஒருநாள் இன்வெர்ட்டர்ல புகை, கரண்ட்டும் போச்சு, எல்லாரும் இருமிக்கிட்டே சாவியத் தேடுறோம், தலகாணிக்கு அடியில இல்ல. கடைசியில பாத்தா கொடியில காயுற சட்டைப் பாக்கெட்ல! நல்லவேளை வெறும் புகையோட போச்சு. நம்மூர்லயும் நேஷனல் பில்டிங் கோடு 2016 வெளியேறுற கதவ சாவி இல்லாம திறக்குற மாதிரி வைக்கச் சொல்லுது, ஆனா தனி வீட்டு கிரில் கேட்ட வந்து யார் பாக்கப்போறா. பூட்டுக்கடைக்காரர் அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாரோ என்னமோ, சந்தேகம்தான்.

வாடகைவாசி:
கொஞ்சம் டாபிக் மாறுது, டெக்சஸ்ல வாடகைக்கு இருக்குறவங்களுக்காக சொல்றேன். ப்ராப்பர்ட்டி கோடு (மாநிலத்தோட சொத்துச் சட்டம்) 92ம் சாப்டர் பாருங்க, பழைய ஆள் காலி பண்ணி புது ஆள் வந்தா 7 நாளுக்குள்ள வீட்டு ஓனர் தன் செலவுல ரீகீ பண்ணணும். வெளிக்கதவுல சாவி இல்லாம உள்ள இருந்து மட்டும் போடுற போல்ட்டும், ஆளப் பாக்குற ஓட்டையும் இருக்கணும். எனக்கு இது தெரியாம போன வீட்டுல நானே காசு குடுத்து மாத்தினேன், வயிறு எரியுது.

பிளேனோ_பாலா:
சாவிக்கொத்து அண்ணே, சரி விடுங்க, புரிஞ்சுது. அந்தக் கண்ணாடிக்கும் பையனுக்கும் வேற என்னதான் வழி?

சாவிக்கொத்து:
கண்ணாடிக்கு உள்பக்கமா செக்யூரிட்டி ஃபிலிம் ஒட்டுங்க, உடைஞ்சாலும் பொலபொலன்னு கொட்டாது, ஓட்டை போட நேரம் புடிக்கும், சத்தம் வரும், பாதிப்பேர் அதுலயே ஓடிருவான். டெட்போல்ட் போய் நுழையுற ஸ்ட்ரைக் பிளேட்ட கழட்டிப் பாருங்க, முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ இருந்தா தூக்கிப்போட்டுட்டு 3 இஞ்ச் ஸ்க்ரூ போடுங்க, ஃப்ரேமுக்குப் பின்னாடி சுவத்துக்குள்ள இருக்குற மரச்சட்டம், ஸ்டட், அது வரைக்கும் போகணும். சில டாலர்தான் ஆகும், ஆனா யாரும் செய்ய மாட்டாங்க. பையனுக்கு கதவோட மேல்பக்கம் ஒரு ஃபிளிப் லாட்ச், சாவி கிடையாது, விரலால தள்ளினா போதும்.

பிளேனோ_பாலா:
லாட்ச் நல்ல ஐடியாதான், ஆனா அடுத்த மாசம் எங்கம்மா மதுரையில இருந்து வர்றாங்க, நாலடி பத்து இஞ்ச், அவங்களுக்கும் எட்டாதே?

சாவிக்கொத்து:
அப்ப லாட்ச் வேண்டாம். கதவு திறந்தா மணியடிக்குற சென்சாரும், குமிழுக்கு ஒரு சைல்ட் கவரும் வாங்குங்க. அம்மா வந்ததும் அந்தக் கவர எப்படித் திறக்கணும்னு நாலு தடவ அவங்க கையாலயே பழக்கி விடுங்க, பாதிப்பேருக்கு அதுவே வர மாட்டேங்குது, அப்படின்னா அதையும் கழட்டிருங்க, மணி மட்டும் போதும்.