புதுப்பிப்பு: பயிற்றுநர் வந்தால் விறைத்துப் போகிறோம் என்று எழுதியிருந்தேனே

பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் பயிற்றுநர் (வகுப்பைப் பார்த்து ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வெளியிலிருந்து வருபவர்) வந்து உட்கார்ந்தாலே எல்லோருக்கும் ஏதோ ஆய்வு மாதிரி நடுக்கம் என்று முன்பு புலம்பியிருந்தேன், நினைவிருக்கும். சரி, அப்புறம் நடந்தது இது.

நாங்களே ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க ஆரம்பித்தோம். மார்க் கிடையாது, ஹெச்.எம். காதுக்குப் போகாது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பு எடுப்பவரே சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு எடுக்கும் அக்கா, "நான் கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறேன்னு மட்டும் பாரு" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் நொடி பார்த்தேன். கேள்வி முடிவதற்குள் முன்வரிசைப் பையன் பதிலைக் கத்திவிடுகிறான், அவரும் "சரி" என்று அடுத்ததுக்குப் போய்விடுகிறார்.

இது உலகம் முழுக்க உள்ள கதைதான். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே அமெரிக்க வகுப்புகளில் அளந்து பார்த்தார்: ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் பொறுக்கிறார்கள், 3 நொடி ஆனாலே பதில்கள் நீளுகின்றன.

இப்போது அக்கா கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுகிறார். வீட்டில் உருது பேசும் ஒரு சிறுமி, பக்கத்துப் பெண்ணிடம் உருதுவில் கிசுகிசுத்துவிட்டு, எழுந்து தமிழில் முழு வாக்கியமாகச் சொன்னாள்! எங்களுக்கே ஆச்சரியம்.

தீராத சிக்கல் ஒன்று: நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது என் வகுப்பை யார் பார்ப்பது? ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், சொல்லுங்கள்.