குழந்தை வளர்க்கும் குடும்பங்களுக்கு வருமான வரிச்சலுகை வேண்டுமா, நேரடியாகப் பணம் வேண்டுமா?

காட்பாடி கணக்கர்:
விவாதத்துக்கு ஒரு கணக்கை முன்வைக்கிறேன். கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு 8 லட்சம் ரூபாய் ஆண்டுச் சம்பளம் வாங்கும் வீட்டில், 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி ஒரு ரூபாய் கூட வரி இல்லை. அதே 16 லட்சத்தை ஒருவர் மட்டுமே ஈட்டி, மற்றவர் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக, செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 1,13,100 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. குழந்தையே இல்லாத ஒருவரும் அந்தச் சம்பளத்துக்கு அதே தொகையைத்தான் கட்டுகிறார். பழைய முறையில் பள்ளிக் கட்டணத்துக்கு 80சி என்ற வரிக்கழிவுப் பிரிவில் இடம் இருந்தாலும், வருங்கால வைப்பு நிதி, எல்ஐசி எல்லாவற்றோடும் சேர்த்து 1.5 லட்சத்துக்குள் அது அடங்க வேண்டும். புதிய முறையில் அதுவும் இல்லை.

குழந்தைகளைக் கணக்கில் எடுத்து வரியைக் குறைப்பது அயல்நாட்டுச் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். 1950களின் இறுதியில் நம் நாட்டிலேயே வரிவிலக்கு வரம்பு, மணமாகாதவருக்கு 1,000 ரூபாய், மணமாகிக் குழந்தை இல்லாதவருக்கு 3,000, ஒரு குழந்தை உள்ளவருக்கு 3,300, அதற்கு மேல் உள்ளவருக்கு 3,600 என்று இருந்தது. குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று வரியிலிருந்தே கழித்துக்கொள்ளும் சலுகையை ஒன்றிய அரசு கொண்டுவர வேண்டும் என்று கோரிக்கை மனு அனுப்ப வேண்டும் என்பதே என் வாதம்.

குடியாத்தம் வாசகி:
கணக்கர் ஐயா, உங்கள் கணக்கில் தவறில்லை. அந்தக் கணக்குக்குள் எங்கள் ஊர் இல்லை என்பதுதான் என் மறுப்பு. என் தாயார் பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். பீடி சுற்றுபவரும், தீப்பெட்டித் தொழிலாளியும், கைத்தறி நெசவாளரும் கட்டுகிற வருமான வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பீர்கள்? 16 லட்சம் சம்பாதிப்பவருக்குக் கிடைப்பது, பானிப்பூரி வண்டி தள்ளுபவருக்குக் கிடைக்காது என்றால், அதைக் குழந்தைகளுக்கான சலுகை என்று எப்படிச் சொல்வது?

பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் நலத் துறை வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை கல்வி உதவித்தொகை தருகிறது. பெற்றோரின் உழைப்பையும் பிள்ளையின் படிப்பையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வழியை மற்ற தொழில்களுக்கும் விரிவாக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

ஆம்பூர் மேற்பார்வையாளர்:
இருவரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். வரியைவிடச் சலுகை அதிகமாக இருந்தால், மிச்சத்தை அரசே பணமாகத் தருகிற முறை உண்டு. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த குழந்தை வரிச்சலுகையை 2021ஆம் ஆண்டுக்கு மட்டும் 6 வயதுக்குக் கீழ் 3,600 டாலராகவும், 17 வயது வரை 3,000 டாலராகவும் உயர்த்தி, வருமானமே இல்லாதவருக்கும் முழுத்தொகை கிடைக்கச் செய்து, அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அரசு உதவிகளையும் கணக்கில் சேர்க்கும் துணை அளவீட்டின்படி, அங்கே குழந்தை வறுமை அந்த ஆண்டில் 5.2 விழுக்காடாக இறங்கியது. ஏற்பாடு முடிந்த மறு ஆண்டில் 12.4 விழுக்காடாக ஏறியது. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

எங்கள் ஷூ தொழிற்சாலைகளில் தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் வருமான வரி கட்டுவதில்லை, ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் சம்பளத்தில் பிடிக்கப்படுகின்றன. ஆகவே அவர்களுடைய ஊதியம் அரசுக்குத் தெரியும். படிவம் தாக்கல் செய்யச் சொல்லாமலே அந்தப் பதிவை வைத்துப் பணம் போடலாம்.

குடியாத்தம் வாசகி:
அண்ணா, அமெரிக்காவில் 2021 என்பது விதிவிலக்கு. அதற்கு முன்பும் பின்பும் உள்ள விதி, உழைத்து ஈட்டிய வருமானத்தில் 2,500 டாலருக்கு மேற்பட்ட தொகையில் 15 விழுக்காட்டை மட்டுமே பணமாகத் தருவது. அதாவது மிகக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும். ‘உழைக்கும் குடும்பம்’ என்ற நிபந்தனையைச் சேர்த்த மறுகணமே, வேலை கிடைக்காத மாதத்தில் தாய்க்கும் தண்டனை, குழந்தைக்கும் தண்டனை.

பிரிட்டன் 1999இல் உழைக்கும் குடும்பங்களுக்கென்று ஒரு வரிச்சலுகையைத் தொடங்கி, 2003இல் அதை இரண்டாகப் பிரித்து விரிவாக்கியது. ஆண்டு வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டுப் பணம் கொடுத்துவிட்டு, வருமானம் கூடியது தெரிந்ததும் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். செலவழித்து முடித்த ஏழைக் குடும்பங்கள் கடனாளி ஆயின. ஆர்டர் வந்தால் ஓவர்டைம், வராவிட்டால் வீட்டில் இருப்பு என்று போகிற ஆம்பூரில், பேரணாம்பட்டில் இதே முறையை நினைத்துப் பாருங்கள். பி.எஃப். பதிவே இல்லாமல் வீட்டில் பீடி சுற்றுபவரும், ஒப்பந்தக்காரரிடம் ஷூவின் மேல்பகுதி தைப்பவரும் உங்கள் பட்டியலில் வரமாட்டார்கள்.

வேலூர் செவிலியர்:
கணக்கரின் முதல் உதாரணத்தையே நான் ஏற்கவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம், இரண்டு பேருக்கும் பேருந்துச் செலவு, இரவுப்பணி நாளில் கடைச் சாப்பாடு எல்லாம் போக எங்கள் 16 லட்சமும், ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பத்தின் 16 லட்சமும் ஒன்றல்ல. அந்த வீட்டில் ஒருவர் செய்யும் வேலைக்கு வரி கிடையாது. நாங்கள் அதையே காசு கொடுத்து வாங்குகிறோம். ஆகவே அந்த 1,13,100 ரூபாய் முழுவதும் அநீதி என்று சொல்வது சரியில்லை. உழைக்கும் தாய்க்கு முதல் தேவை பராமரிப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டமே சொன்னது. அதைச் சரியாக நடத்த வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். (மூன்று ஷிப்டிலும் திறந்திருக்கும் காப்பகத்தை நான் இதுவரை கண்டதில்லை.)

சத்துவாச்சாரி ஆசிரியர்:
யாரும் தொடாத ஒன்று. வருமான வரி ஒன்றிய அரசு வசூலிப்பது. நிகர வசூலில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. அதில் சலுகை கொடுத்தால் பகிரும் தொகையே சுருங்கும். அதாவது டெல்லி அறிவிக்கும் சலுகைக்குத் தமிழ்நாடும் பங்கு கட்டுகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகையும் இந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் நடக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளில் வருமான வரி கட்டும் பெற்றோர் அரிது. காலை உணவு சாப்பிடுபவர்கள் அநேகமாக எல்லோரும்.

காட்பாடி கணக்கர்:
ஆசிரியர் ஐயா சொல்லும் பகிர்வு விவரம் உண்மை. ஆனால் அதே தர்க்கப்படி, 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்தபோதும் மாநிலத்தின் பங்கு குறையத்தான் செய்தது. அப்போது குழந்தைகள் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடே பார்க்காமல் கொடுத்தார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது குழந்தைகள் பக்கம் திருப்பச் சொல்வது எப்படித் தவறாகும்? உரிமைத் தொகையையும் பாருங்கள்: ஒரு குழந்தை உள்ள தாய்க்கும் மூன்று குழந்தைகள் உள்ள தாய்க்கும் அதே 1,000 ரூபாய்தான். சகோதரி சொன்ன பீடித் தொழிலாளி என் திட்டத்துக்கு வெளியே நிற்பது உண்மை. அதற்காகத்தான் ஆம்பூர் நண்பரின் ஏற்பாட்டை நான் சேர்த்துக்கொள்ளத் தயார்.

குடியாத்தம் வாசகி:
சேர்த்துக்கொள்வதாக இருந்தால் வரிசையை மாற்றுங்கள். முதலில் எந்தப் பதிவிலும் இல்லாத தாயின் குழந்தைக்கு, பள்ளி, அங்கன்வாடிப் பதிவேட்டை வைத்து, அவள் கணக்கிலேயே பணம், பிறகு பி.எஃப். பதிவில் இருப்பவர், கடைசியில் வரி கட்டுபவர். உங்கள் கோரிக்கை மனுவில் இந்த வரிசை இருக்குமா, இருக்காதா?

காட்பாடி கணக்கர்:
தொகை மூவருக்கும் சமம் என்றால் இருக்கும். வரி கட்டுபவரை முற்றிலும் விலக்கினால் நான் கையெழுத்திட மாட்டேன்.