பலூ தம்பி எழுத்துருவில் அவுட்லைன் போட்டால் புள்ளி மறைகிறது: என்ன செய்யலாம்?

குறில்நெடில்:
எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர்களுக்கான கதை நேரம். ஏ3 போஸ்டரை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்கிறேன். ‘கதைத் திண்ணை’ என்ற தலைப்பு, பலூ தம்பி 2 எழுத்துருவின் மிகத் தடித்த வடிவமான எக்ஸ்ட்ராபோல்டில். மஞ்சள் எழுத்து, சுற்றிலும் தடித்த நீலக் கோடு. கோடு போட்டதும் ‘ண்’ மேல் இருக்கும் புள்ளி நீலப் பொட்டாகிவிட்டது. ‘ணை’யின் சுழிகளில் மஞ்சள் நூல் மாதிரி மெலிந்து கிடக்கிறது. எழுத்துருவை மாற்றிவிடலாமா? காய்னி பரவாயில்லை என்கிறார்கள்.

மைத்துளி:
மாற்ற வேண்டாம் சகோ. காய்னியும் குண்டு எழுத்துதான், அதிலும் இதே கதைதான் நடக்கும். கோட்டின் பாதி எழுத்துக்கு வெளியேயும் பாதி உள்ளேயும் விழுகிறது. புள்ளியைக் கோடு எல்லாப் பக்கமும் அரிப்பதால் அது முதலில் போகிறது. பலூவுக்கு அழகே அந்தக் கொழுத்த உடம்பும் மழுங்கிய முனைகளும்தான், அதைக் கோடு தின்ன விடக்கூடாது.

தலைப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-டி அழுத்துங்கள். அதே இடத்தில் இன்னொரு படி வரும். மேலே இருப்பதில் ஸ்ட்ரோக்கை, அதாவது சுற்றுக் கோட்டை, எடுத்துவிடுங்கள், வெறும் மஞ்சள். கீழே இருப்பதில் நிறமும் கோடும் நீலம். கோடு திரும்பும் மூலையின் வடிவத்தை (ஜாயின்) ரவுண்டாக வையுங்கள், இல்லையென்றால் மூலைகளில் முள் முளைக்கும்.

குறில்நெடில்:
அருமை! புள்ளி முழுசாக வந்துவிட்டது. சுழிக்குள் மட்டும் நீலம் நிரம்பியிருக்கிறது.

மைத்துளி:
அது இருக்கட்டும். மஞ்சள் குறையாத வரை சுழி தெளிவாகத் தெரியும்.

வரிவடிவம்:
இன்னொன்று. தேதி, இடம் போன்ற சின்ன வரிகளையும் எக்ஸ்ட்ராபோல்டில் போடாதீர்கள். சின்ன அளவில் ண, ஞ, றூ எல்லாம் மையில் அடைத்துக்கொள்ளும். பழைய பலூ தம்பி ஒரே தடிமன்தான். ‘2’ வந்தபோது 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் கிடைத்தன, அதில் மெல்லியதான 400ஐ எடுங்கள். எனக்கென்னவோ முக்த மலர் எழுத்துரு இன்னும் பொருந்தும் என்று தோன்றுகிறது. அதுவும் பலூவைச் செய்த மும்பை ஏக் டைப் குழுவின் வேலைதான், வரிகள் நிதானமாக ஓடும். தலைப்பு துள்ளட்டும், தகவல் அமைதியாக இருக்கட்டும். ஆங்கிலப் பெயர் வந்தால் பலூவிலேயே ரோமன் எழுத்தும் இருக்கிறது, அதே உருண்டைத்தனத்தோடு.

அப்புறம், அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தைப் பாத் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிவிடுங்கள். அங்கே இந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்து தலைப்பே கெட்டுவிடும். திருத்த ஒரு மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள்.

குறில்நெடில்:
நன்றி இருவருக்கும். சின்ன வரிகளை முக்த மலரில் மாற்றிவிட்டேன், இப்போது தலைப்பும் எடுப்பாகத் தெரிகிறது. இதே தலைப்பை டி-ஷர்ட்டில் போட்டு நூலக நிதிக்காக விற்கலாமா?

மைத்துளி:
தாராளமாக. ஓபன் ஃபாண்ட் உரிமத்தில் வருவது, வணிகத்துக்கும் அனுமதி உண்டு. எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது.